கம்பெனி உளியும் பட்டறை உளியும்

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ஹார்டுவேர் கடைக்குப் போய் உளி கேட்டால், எத்தனை இன்ச் என்பதற்கு முன்னால் வருகிற கேள்வி, "கம்பெனி வேணுமா, லோக்கல் போதுமா?" கம்பெனி என்பது அட்டையில் ஒட்டி, பிளாஸ்டிக் மூடி போட்டு, ஆணியில் தொங்குவது. லோக்கல் என்பது பெயர் இல்லாமல், எண்ணெய் தடவிய சாக்கில் கிடப்பது. மூன்றாவது ஒன்று உண்டு. அது கடையில் கிடைக்காது. பட்டறையில் சொல்லிவைத்து, சொன்ன நாளில் போய், "இன்னும் அடிக்கலையே" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பி, மறுபடியும் போய் வாங்கி வருவது.

இங்கே ஒப்பிடப்போவது முதலாவதையும் மூன்றாவதையும். நடுவில் கிடக்கும் பெயரில்லாச் சரக்கைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. அதை வாங்குகிறவருக்கே அதன்மேல் நம்பிக்கை கிடையாது. ஆகவே ஏமாற்றமும் கிடையாது. நம்பி வாங்கப்பட்டவை மற்ற இரண்டும்தான். இரண்டுமே இன்று இறங்குமுகத்தில் இருக்கின்றன. ஆனால் இறங்குகிற விதம் வேறு. கம்பெனி இறங்கும்போது பெயர் அப்படியே நிற்கிறது, உள்ளே இரும்பு மாறிப்போகிறது. பட்டறை இறங்கும்போது இரும்பு மாறுவதில்லை, அடிக்கிற ஆள் இல்லாமல் போகிறார். முதலாவதில் வாங்குகிறவருக்குத் தெரியாமலே நஷ்டம் வருகிறது. இரண்டாவதில் நஷ்டம் பூட்டிய கதவாகக் கண்ணெதிரே தெரிகிறது.

கம்பெனிக்கு ஸ்டான்லியை எடுத்துக்கொள்ளலாம். மஞ்சளும் கறுப்புமாக உலகம் முழுக்கத் தொங்கும் பெயர். 1843-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூ பிரிட்டன் என்ற ஊரில், ஃபிரெடரிக் ஸ்டான்லி என்பவர் தாழ்ப்பாள் செய்யத் தொடங்கிய தொழில் அது. 1857-ல் அவருடைய உறவினர் ஹென்றி ஸ்டான்லி அளவுகோலும் ரசமட்டமும் செய்ய இன்னொரு கம்பெனி கண்டார். தச்சர்களுக்கு ஸ்டான்லி என்ற பெயர் பழகியது இந்த இரண்டாவது கம்பெனியால்தான். 1869-ல் அது லெனார்ட் பெய்லி என்பவரின் இழைப்புளித் தொழிலை விலைக்கு வாங்கியது. மர இழைப்புளியில் அலகை ஆப்பு வைத்து இறுக்குவார்கள். அதை மயிரிழை இறக்க வேண்டுமென்றால் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டும், கொஞ்சம் கூடிப்போனால் பின்பக்கம் தட்டி ஏற்ற வேண்டும். பெய்லியின் இரும்பு இழைப்புளியில் பின்னால் ஒரு பித்தளைத் திருகு இருக்கும். விரலால் அதைச் சுற்றினால் அலகு இறங்கும், ஏறும். பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் திருத்த ஒரு நெம்புகோலும் பின்னாளில் சேர்ந்தது. 150 ஆண்டுகள் கழிந்தும் உலகில் இரும்பு இழைப்புளி செய்கிற பெரும்பாலோர் செய்வது இதன் நகலைத்தான்.

அந்தப் பெயர் நம்பிக்கையைச் சம்பாதித்தது விளம்பரத்தால் அல்ல. அலகு உட்காரும் சாய்வு மேடையை அகலமாகச் சீவி, அடியில் இருக்கும் வார்ப்போடு பசை ஒட்டியதுபோல் பொருந்த வைத்தார்கள். பொருந்தாவிட்டால் கடினமான மரத்தில் அலகு அதிரும், இழைத்த பரப்பில் அலை அலையாய்த் தழும்பு விழும். பிடிக்கு ஈட்டி இன மரம். திருகுக்குப் பித்தளை. திருகை அலகோடு இணைக்கும் கவைக்கு வார்ப்பு. முதல் உலகப்போருக்கும் இரண்டாம் உலகப்போருக்கும் இடையில் வந்த ஸ்டான்லி இழைப்புளிகளைப் பழைய கருவி சேகரிப்போர் இன்றும் தேடி வாங்குவது இதனால்தான்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இறக்கம் தொடங்கியது. அதில் கவனிக்க வேண்டியது, அது எந்த ஒரு நாளிலும் நடக்கவில்லை என்பது. ஒரு வருஷம் ஈட்டிப் பிடி போய்ச் சாயம் ஏற்றிய பீச் மரம் வந்தது. பிறகு பிளாஸ்டிக். வார்ப்புக் கவை போய், தகட்டை மடித்துத் தட்டிய கவை வந்தது. சாய்வு மேடையை முழுக்கச் சீவுவதற்குப் பதிலாக ஒன்றிரண்டு விளிம்புகளை மட்டும் சீவினார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதுவும் பெரிய குற்றமில்லை. கணக்கர் மேஜையில் ஒவ்வொன்றும் நியாயம்தான். எல்லாம் சேர்ந்தபோது பெயர் அதே, எண் அதே, நாலாம் நம்பர், அஞ்சாம் நம்பர்; இழைத்துப் பார்த்தால் வேறு கருவி.

ஏன் இப்படி என்று கேட்டால், முதலாளியின் பேராசை என்று ஒற்றை வரியில் முடித்துவிடலாம். நான் அதை முழுக்க ஏற்கமாட்டேன். கருவியை நாள் முழுக்கப் பிடித்து வேலைசெய்து, அதன் குறையை அன்று மாலையே கண்டுபிடிக்கிற தச்சர் கரன்ட் மெஷினுக்குப் போய்விட்டார். கள்ளக்குறிச்சியில் இன்று கதவு, ஜன்னல் செய்கிற எந்த மரப்பட்டறையிலும் காதைத் துளைப்பது மக்கீட்டாவும் போஷும்தான். கை இழைப்புளியை வாங்கியவர்களில் மிச்சமிருந்தோர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மரவேலை பார்க்கும் வீட்டுக்காரர்கள். அவர்களில் ஒருவருக்கு அலகு அதிர்கிறது என்றால் தன் கைக்கு வரவில்லை என்று நினைத்துக்கொள்வார், கருவியைச் சந்தேகிக்கமாட்டார். குறை சொல்லத் தெரிந்த வாடிக்கையாளர் போய்விட்டால், தரத்தைக் காப்பாற்றச் செலவழிப்பது எந்தக் கம்பெனிக்கும் வீண் செலவாகத்தான் தெரியும்.

1920-ல் ஸ்டான்லியின் இரு கம்பெனிகளும் ஒன்றாயின. 2009-ல் பழைய புகழை மீட்க இதயச் சின்னம் பொறித்த உயர்தர இழைப்புளி வரிசை ஒன்றை மெக்சிகோவில் செய்து இறக்கினார்கள். 2010-ல் பிளாக் அண்டு டெக்கருடன் இணைப்பு. 2017-ல் அந்த இணைந்த கம்பெனி, சியர்ஸிடமிருந்து கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயரை ஏறத்தாழ 90 கோடி டாலருக்கு வாங்கியது. கிராஃப்ட்ஸ்மேன் 1927-ல் தொடங்கிய பெயர். ஸ்பேனர் உடைந்தால் ரசீது கேட்காமல் புதிது தருவோம் என்ற ஆயுட்கால உத்தரவாதத்தால் அமெரிக்க மெக்கானிக்குகளின் மனத்தில் இடம் பிடித்தது. கருவியை அதுவரை வெளியாலைகள்தான் செய்து கொடுத்தன. புது முதலாளி மறுபடி அமெரிக்காவிலேயே செய்வோம் என்று டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் தானியங்கி ஆலை ஒன்றைக் கட்டினார். 2023-ல் அதை மூடுவதாக அறிவித்தார். 90 கோடி டாலர் எதற்குக் கொடுக்கப்பட்டது என்று யோசித்தால் முத்திரை என்பது என்ன என்று விளங்கும். உலை இல்லை, அச்சு இல்லை, ஆள் இல்லை. ஒரு நாட்டு மெக்கானிக்குகள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த நம்பிக்கைக்கு அது விலை.

நம் நாட்டிலும் இதற்குப் பங்காளி உண்டு. ஜெர்மனியின் ரெம்ஷைட் நகரில் டோவிடாட் சகோதரர்கள் 1919-ல் தொடங்கிய கெடோர், ஃபரிதாபாதில் ஜலானி குடும்பத்துடன் சேர்ந்து இந்தியாவில் ஸ்பேனர் செய்தது. டிராக்டர் பட்டறைகளில் வயதான மெக்கானிக்குகளிடம் அந்த முத்திரை குத்திய ஸ்பேனர் இன்றும் இருக்கும். கேட்டால் இரவல் தரமாட்டார்கள். 1990-களின் பின்பாதியில் அந்த ஆலைகள் தொழிலாளருக்குச் சம்பளம் போட முடியாமல் முடங்கின. அந்த இடத்தில் பெரும்பாலும் உட்கார்ந்தது நாசிக்கின் டபாரியா. அதுவும் 1960-களில் ஸ்வீடன் நாட்டுத் தொழில்நுட்பத்தைக் கொண்டு எழுந்ததுதான். கட்டிங் பிளையர், ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர் என்று எலக்ட்ரீஷியன் பையைத் திறந்தால் அந்தப் பெயர் இல்லாமல் இருக்காது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிளையரும் ஸ்பேனரும் பட்டறையில் அடிக்கிற சரக்கல்ல. இரண்டு வாயும் ஒரே கடினத்தில் வர வேண்டும், நட்டின் ஆறு முகத்திலும் ஒட்டி உட்கார வேண்டும், கைப்பிடி உறை மின்சாரத்தைத் தாங்க வேண்டும். இதற்கெல்லாம் கட்டுப்படுத்திய உலையும் அச்சும் வேண்டும். பட்டறை என்றாலே உயர்வு என்று பேசுகிறவர்கள் ஒருமுறை பட்டறை ஸ்பேனரால் துரு ஏறிய நட்டைத் திருகிப் பார்க்கட்டும். ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டுமென்றால் இரண்டு பேரும் செய்யக்கூடிய கருவியை எடுக்க வேண்டும்: உளி, வெட்டுக்கத்தி, கொத்து, மண்வெட்டி, கடப்பாரை.

கச்சிராயபாளையம் சாலையிலும் சின்னசேலம் பக்கமும் இன்னும் புகைகிற பட்டறைகள் சில உண்டு. தோல் துருத்தி போய்விட்டது. ஒரு சின்ன மோட்டாரும் காற்றாடியும் கரியை ஊதுகின்றன. அடைகல்லும் சம்மட்டியும் குறடும் மட்டும் மாறவில்லை. மூலப்பொருள் ஆலையிலிருந்து வருவதல்ல, பழைய இரும்புக் கடையிலிருந்து வருவது. வெட்டுக்கத்திக்கும் கொத்துக்கும் லாரி ஸ்பிரிங்கின் பட்டை. உளிக்குத் தேய்ந்த அரம் அல்லது உடைந்த பேரிங்கின் வளையம். இது தற்செயலான தேர்வல்ல. லாரிப் பட்டையில் கரிமம் நூற்றுக்கு அரைப்பங்கு, அல்லது சற்றே கூட. வளையும், ஆனால் உடையாது. மரத்தில் ஓங்கிப் போடுகிற கத்திக்கு அதுதான் வேண்டும். பழைய அரத்தில் கரிமம் ஒரு சதவீதத்துக்கும் மேல். நல்ல கூர் ஏறும், கூர் நிற்கும், ஆனால் ஓங்கிப் போட்டால் வாய் பிளந்துவிடும். கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டும் உளிக்கு அது பொருத்தம். கரிமம் என்ற சொல்லே பட்டறையில் புழங்காது. "பட்டையில உளி போட்டா வாய் மடங்கும், அரத்துல கத்தி போட்டா துண்டாப் போயிடும்" என்பார்கள். உலோகவியல் புத்தகமும் அதைத்தான் சொல்கிறது.

சரக்கு எதுவென்று சந்தேகம் வந்தால் சாணைக் கல்லில் ஒரு தொடு தொட்டுப் பொறியைப் பார்ப்பார்கள். வெறும் இரும்பு என்றால் பொறி நீளக் கோடாகப் பறக்கும். கரிமம் ஏறிய எஃகு என்றால் பொறி நடுவழியில் பூப்பூவாக வெடிக்கும். அரம் அடர்த்தியாகப் பூக்கும், பட்டை அதைவிடக் குறைவாக.

அடுத்தது தோய்ச்சல். கருவியின் உயிரும் சாவும் அதில்தான். அடித்து உருவாக்கிய உளியைப் பட்டறை ஆசாரி நெருப்பில் வைத்து, பழுத்த தக்காளிக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் ஒரு நிறம் வரும்வரை காத்திருந்து, வாயை மட்டும் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்க்கிறார். அப்போது அது கண்ணாடிபோல் கடினமாகி இருக்கும், தொட்டால் நொறுங்கும். தோய்த்த கையோடு வாயை மண்ணில் தேய்த்துப் பளபளப்பாக்கினால், தண்டில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாயை நோக்கி இறங்குவதை நிறமாகப் பார்க்கலாம். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, கடைசியில் நீலம். மரச்சிற்ப உளிக்கு மஞ்சள் வாய்க்கு வந்ததும் முழுவதையும் தோய்த்து நிறுத்திவிட வேண்டும். அது சுமார் 220, 230 டிகிரி. நீலம் வரை விட்டால் 300-ஐத் தொட்டுவிடும், வாய் மெத்தென்று ஆகிவிடும். மஞ்சளுக்கும் பழுப்புக்கும் நடுவில் கிடைக்கும் நேரம் சில நொடிகள்தான். இதனால்தான் பல பட்டறைகளில் உலையை நிழலில் வைப்பார்கள். வெயிலில் நிறம் ஏமாற்றும்.

கம்பெனியின் பலமும் பட்டறையின் பலவீனமும் ஒன்றாகத் தெரிவது இங்கேதான். ஆலையில் ஆயிரம் உளி ஒரே வெப்பத்தில் ஒரே நேரம் இருந்து ஒரே எண்ணெயில் இறங்குகிறது. முதலாவதும் ஆயிரமாவதும் ஒன்றுதான். பட்டறையில் காலையில் அடித்தது ஒரு மாதிரி, மதியம் பசியோடு அடித்தது ஒரு மாதிரி. லாரிப் பட்டை பல லட்சம் கிலோமீட்டர் குலுங்கியது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் ஆசாரிக்கும் தெரியாது, கத்தி உடையும் நாள்வரை. நல்ல நாளில் பட்டறை உளி கம்பெனி உளியை அடித்துவிடும், கெட்ட நாளில் லோக்கல் சாக்குச் சரக்குக்கும் கீழே போகும். ஆக, தரம் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டுமென்றால், ஸ்டான்லியின் நல்ல காலத்துச் சரக்குதான் ஜெயிக்கும். இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் பட்டறைக் கருவி கெட்டதாக அமைந்தால் அடுத்து என்ன நடக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வாய் மடங்கிய உளியை எடுத்துக்கொண்டு அதே ஆளிடம் போகலாம். அவர் முகம் சுளிப்பார், "எதை வச்சு எங்க இடிச்ச?" என்று பழியை நம்மேல் போடப் பார்ப்பார், கடைசியில் உலையில் செருகிவிடுவார். தேய்ந்த கடப்பாரையைக் காய்ச்சி அடித்து முனை எடுப்பது, கருக்கரிவாளுக்குப் பல் வெட்டுவது, மழுங்கிய களைக்கொத்தைத் தட்டி நீட்டுவது என்று பட்டறையின் வருமானத்தில் பெரும்பங்கே பழையதைத் திருத்துவதில்தான். கிராஃப்ட்ஸ்மேன் ரசீது கேட்காமல் மாற்றிக் கொடுத்தது உலக அதிசயமாகப் பேசப்பட்டது. நம்மூர் ஆசாரி மாற்றிக் கொடுப்பதில்லை, சரிசெய்து கொடுக்கிறார். அமெரிக்க உத்தரவாதத்துக்கு வாங்கியவர் முகம் தெரியாது. இங்கே முகம் தெரிவதுதான் உத்தரவாதம். கத்தி சரியில்லை என்ற பேச்சு டீக்கடைக்குப் போய்ச்சேர ஒரு நாள் ஆகாது.

இதைச் சொல்லும்போதே இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பழைய காலத்தில் இந்த முகம் தெரிந்த உறவு என்பது சாதிக்கட்டோடும் களத்துப் படியோடும் வந்தது. வருஷம் முழுக்கக் கொழு அடித்து, அரிவாள் தீட்டி, அறுவடையில் களத்து மேட்டில் கொட்டுகிற நெல்லுக்குக் காத்திருக்க வேண்டும். மகசூல் பொய்த்தால் படியும் பொய்க்கும். ஆசாரியின் மகன் ஐ.டி.ஐ. படித்து வெல்டிங் ஒர்க்ஸ் போர்டு மாட்டி கேட்டும் கிரில்லும் செய்யப் போனான் என்றால், அதை வீழ்ச்சி என்று நாம் எழுதுகிறோம். அவன் வீட்டில் அதற்குப் பெயர் முன்னேற்றம். நெருப்புக்கு எதிரில் நாற்பது வருஷம் நின்ற கண் என்னவாகும் என்பது அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும்.

கல்வராயன் மலைக்குப் போனால் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் மண்ணில் கல் அதிகம், நிலம் சரிவு. சமவெளியில் கரும்பு வயலுக்குப் பாத்தி கட்டும் அகன்ற மண்வெட்டி அங்கே இரண்டு போடு போட்டால் கல்லில் வாய் பிளக்கும். மலைவாழ் மக்கள் சாமை, தினை, மரவள்ளிக் கொல்லையில் கையில் வைத்திருப்பது குறுகலான, கனத்த கொத்து. சரிவில் குனிந்து வெட்ட வேண்டியிருப்பதால் அலகுக்கும் காம்புக்கும் உள்ள கோணமும் சமவெளிக்காரருடையது அல்ல. டாடா அக்ரிகோ மண்வெட்டி ஜாம்ஷெட்பூரிலிருந்து வருகிறது. டாடா ஸ்டீலின் மிகப் பழைய பெயர்களில் ஒன்று, 1920-களிலிருந்து இருப்பது. இரும்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் பீகாரின் வண்டலுக்கும் கல்வராயனின் சரளைக்கும் தனித்தனிக் கோணம் வைத்து ஒரு தேசியக் கம்பெனி எத்தனை வகைதான் செய்யும்? வாங்கியவர் அதையே பட்டறைக்குக் கொண்டுபோய், சூடாக்கிக் கழுத்தை வளைத்துக்கொள்கிறார். அப்படி வளைத்த டாடா மண்வெட்டியை என்ன வகையில் சேர்ப்பது? கம்பெனி இரும்பு, பட்டறைக் கோணம். என் கண்ணுக்கு இந்த மாவட்டத்தின் மிக நல்ல மண்வெட்டி அதுதான்.

கல்வராயன் மலையில் ஜாகீர் ஒழிந்ததே 1976-ல். அதுவரை மலைக்குடிகள் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தார்கள். காசுப் புழக்கமும் தார்ச்சாலையும் தாமதமாக வந்த இடத்துக்கு அட்டையில் தொங்கும் கருவியும் தாமதமாகத்தான் வந்திருக்கும். இப்போது அதையும் தாண்டி, தோளில் மாட்டிக்கொள்ளும் பெட்ரோல் களைவெட்டி வந்துவிட்டது. சமவெளியில் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு வெட்டும் ஆட்கள் இன்னும் கத்தியை நம்பியிருக்கிறார்கள். ஆலை அரவை தொடங்கும் பருவத்தில் மட்டும் சில பட்டறைகள் இரவிலும் புகைகின்றன.

கம்பெனியையும் பட்டறையையும் எதிரெதிரே நிறுத்திப் பேசினாலும், இரண்டும் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி வந்தவை. கல்வராயனில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கின்றன. அந்த ஆற்றுமுகத்தில்தான் 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பாலை நடத்தினார். கிழக்கிந்தியக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவர். சேலத்து இரும்புக் கல்லைக் கொண்டுவந்து, காட்டு மரத்தைக் கரியாக்கி உருக்கினார். அந்த இரும்பு கப்பலேறி இங்கிலாந்து போனது. கரிக்கு மரம் போதாமல் போனது ஆலையின் தீராத தலைவலி. ஹீத் ஊர் திரும்பி, எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் மலிவான இரும்பிலும் நல்ல எஃகு வரும் என்று கண்டுபிடித்து 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் முறையை எடுத்துக்கொண்டார்கள், உரிமைத்தொகையைக் கொடுக்கவில்லை. வழக்கு இழுத்தது. 1851-ல் ஹீத் இறந்தார், பணத்தைக் காணாமலே. அந்த ஷெஃபீல்டின் எஃகுதான் உலகம் முழுக்க உளியாகவும் அரமாகவும் போய் அந்த ஊரின் பெயரையே ஒரு முத்திரையாக்கியது. பின்னாளில் ஸ்டான்லி இங்கிலாந்தில் கடை விரித்ததும் ஷெஃபீல்டில் ஓர் ஆலையை வாங்கித்தான். சேலத்துக் கல்லையும் தென்னார்க்காட்டுக் கரியையும் தொட்டுப் பாடம் கற்ற மனிதரின் வித்தை, அங்கிருந்து கப்பலேறி நம் ஹார்டுவேர் கடைகளுக்கு அரமாக வந்தது. தேய்ந்ததும் பட்டறைக்கு வந்து உளியானது.

அரத்தின் கதைதான் இன்று இருவரையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு போகிறது. அமெரிக்காவில் 1864-ல் தொடங்கிய நிக்கல்சன் ஒரு காலத்தில் அரத்துக்கு மறுபெயர். 1972-ல் கை மாறியது. பிறகு உற்பத்தி மெக்சிகோவுக்கும் பிரேசிலுக்கும் போனது. பல் சீக்கிரம் மழுங்குகிறது என்ற புலம்பல் அங்கே பழைய பாட்டு. இந்தியாவில் அந்த இடத்தை ரேமண்ட் குழுமத்தின் ஜே.கே. அரம் பிடித்திருக்கிறது, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரிப் பக்கம் அதன் ஆலைகள் உள்ளன. அந்த அரம் நன்றாகவே உழைக்கிறது. கெடுப்பவை பெயரில்லாத மலிவு அரங்கள். முழு உடம்பும் எஃகாக இல்லாமல், மென்மையான இரும்பின் தோலுக்கு மட்டும் கரிமம் ஏற்றியவை அவற்றில் உண்டு. இரும்பைத் தேய்க்கிறவருக்கு அது கொஞ்ச நாள் வேலை செய்யும். ஆனால் தேய்ந்த பின் உளியடிக்க எடுக்கிற ஆசாரிக்கு அது குப்பை; சாணையில் தோல் போனதும் உள்ளே வெறும் இரும்புதான். அரத்தின் தரம் இறங்கினால் புது அரத்தை வாங்கவே வாங்காத பட்டறைக்கும் அடி விழுகிறது.

இந்த அடியை நேராக வாங்குகிறவர்கள் மரச்சிற்பிகள். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டங்களில் நடக்கும் மரச்சிற்ப வேலைக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாமி சிலைகள், கதவு நிலைகள், சுவாமி வாகனங்கள், தேர்ச் சிற்பங்கள். வாகை, வேம்பு, தேக்கு என்று மரத்துக்கு மரம் உளியின் வாய்ச்சரிவு மாறும். வேம்புக்குப் போட்ட வாயோடு தேக்கில் இறங்கினால் இழை பிய்யும். கம்பெனிகள் சிற்ப உளியை ஆறாகவோ பன்னிரண்டாகவோ பெட்டியில் போட்டு விற்கின்றன. வளைவுகளுக்கு எண் உண்டு, அந்த எண்வரிசையும் ஷெஃபீல்டு வகுத்ததுதான். அது ஐரோப்பியத் தேவாலயச் சிற்பத்தின் இலைக்கும் கொடிக்கும் வகுத்த வளைவு. யாளியின் கண்விழிக்கும், அம்மனின் கழுத்து ஆரத்து மணிக்கும் வேண்டிய நகவுளி அந்தப் பெட்டியில் இல்லை. சிற்பி பழைய உளியின் வாயைக் காகிதத்தில் அழுத்தி அச்செடுத்துப் பட்டறைக்குப் போகிறார். "இதைவிட ஒரு நூல் உள்வாங்கி வேணும்" என்கிறார். ஒரு நூல் என்பது ஒரு இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு. எந்தக் கம்பெனியின் பட்டியலிலும் அந்த வாக்கியத்தை எழுத இடமில்லை.

பெயரைக் காக்கும் வேலையிலும் கம்பெனிக்கும் ஊருக்கும் வித்தியாசம் இருக்கிறது. புவிசார் குறியீடும் ஒரு முத்திரைதான். ஆனால் அது ஒரு வட்டாரத்துக்கும் வேலை நடக்கும் விதத்துக்கும் கட்டப்பட்டது. கிராஃப்ட்ஸ்மேனை 90 கோடி டாலருக்கு வேறொருவர் வாங்கிக்கொண்டு போனதுபோல், கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் என்ற பெயரைத் தனியாகப் பெயர்த்து வேறு ஊரில் நட முடியாது. சட்டம் அந்த உரிமையை விற்க அனுமதிப்பதில்லை. ஆனாலும் ஓட்டை இருக்கிறது. பெயர் சிற்பத்துக்குத்தான் வந்ததே தவிர, சிற்பத்தைச் செய்கிற உளிக்கு வரவில்லை. பூக்கதவு, சாமி கதவு செய்ய சி.என்.சி. மெஷின்கள் ஊருக்குள் வந்துவிட்டன. கணினியில் படம் கொடுத்தால் ராத்திரியோடு ராத்திரியாகச் செதுக்கித் தள்ளிவிடும். சிற்பிக்கு மிச்சமிருப்பது மெஷின் போக முடியாத இடம். சுழலும் முனை உருண்டையானது என்பதால் கூரான உள்மூலை அதற்கு வராது. காது மடலுக்குப் பின்னால் குடைந்து நுழைவது சாதாரண மெஷினுக்கு வராது.

அதனால் பட்டறைக்கு வரும் ஆர்டரும் மாறிவிட்டது. பெரிய உளி, வாச்சி கேட்போர் குறைவு. கேட்பதெல்லாம் மெஷின் விட்டுப்போன மூலையைச் சுத்தம் செய்யும் குட்டி உளிகள், கால் இன்ச்சுக்கும் குறைந்த வாய், நீண்ட மெல்லிய கழுத்து. இதற்குப் பட்டை ஆகாது, பேரிங் வளையத்தை வெட்டி நீட்டினால் கழுத்து கோணுகிறது. நல்ல அரம்தான் வேண்டும். சாணை பிடிப்பவர்களிடமும் லேத் பட்டறைகளிலும் தேய்ந்த முக்கோண அரம் கிடைத்தால் ஆசாரி கையோடு வாங்கி வைக்கிறார். வாங்குமுன் நுனியைக் குறட்டில் கடித்து ஒடிக்கிறார். ஒடிந்த முகம் முழுக்க ஒரே மாதிரி நுண்மணலாய்ச் சாம்பல் நிறத்தில் இருந்தால் எடுத்துக்கொள்கிறார். ஓரத்தில் ஒரு வளையமும் நடுவில் வேறொரு நிறமும் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுகிறார், மேலே எந்தப் பெயர் குத்தியிருந்தாலும்.